பால்வினை நோய் ஆய்வும் தடுப்புத் திட்டமும்: திருப்பூர்க் களப்பணியாளர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

திருப்பூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருப்பதாகக் குறிப்பிட்டுள்ள ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. “வருடா வருடம் ஏதாவது ஒரு குழு வந்து எங்கள் பகுதிப் பெண்களிடமும் லாரி ஓட்டுநர்களிடமும் படிவம் நிரப்பி, ரத்தமும் சிறுநீரும் வாங்கிக்கொண்டு போகிறது. முடிவு எதுவும் திரும்பி வருவதில்லை. மருத்துவமனையிலும் அதே கலர் கலரான மருந்துப் பொட்டலங்கள்தான். பால்வினை நோய் ஆய்வும் தடுப்புத் திட்டமும் இணைந்து நடக்கின்றன என்று மேடையில் சொல்கிறார்களே, அது உண்மையா, வெறும் பேச்சா?” நிர்வாகம் பற்றிய கேள்வியாக இது தோன்றினாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். அடுத்த குழு வந்து நிற்கும்போது, தம்மை நம்பும் அந்த மக்களிடம் “பதில் சொல்லுங்கள், ரத்தம் கொடுங்கள்” என்று மனசாட்சி உறுத்தாமல் சொல்லலாமா என்பதுதான் அது. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோயியல் நிலையத்தில் மேற்படிப்பு முடித்து, மேற்கு மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் அந்தப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புள்ளியியல் என் துறை அல்ல. தவிர, புறநோயாளிச் சீட்டோடு என் அறைக்கு வந்தவர்களை மட்டுமே நான் பார்த்திருக்கிறேன்; வராதவர்களைப் பார்த்தவர் கேள்வி கேட்டவர்தான். இந்தக் குறையைக் கழித்துக்கொண்டு படிக்கவும். சுருக்கமாகச் சொன்னால் இணைப்பு இருக்கிறது, சில இடங்களில் மிக வலுவாகவே இருக்கிறது. ஆனால் அது ஆய்விதழில் கட்டுரை வெளியாவதால் உண்டாவதில்லை. நாளை அந்த வேலையை அன்றாடம் செய்யப்போகிற செவிலியர், ஆற்றுப்படுத்துநர், களப்பணியாளர் ஆகியோரின் கையாலேயே ஆய்வும் நடந்திருந்தால் அது திட்டமாக மாறுகிறது. இல்லாவிட்டால் பெரும்பாலும் அலமாரியோடு நின்றுவிடுகிறது.

நம் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை வட்டாரத்தை மையமாகக் கொண்டு, திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி பாலுறவின் மூலம் தொற்றுவது என்பதால் இதுவும் நம் கேள்விக்குள் அடங்குகிறது. மாவட்டத்தின் பகுதிகள் 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குப் பரிசோதனை அளிக்கப்பட்டது. மறுபாதியில் வழக்கமான சேவையே தொடர்ந்தது. பரிசோதனை மிக எளியது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல விளக்கு வெளிச்சத்தில் வெண்மையான திட்டு தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். மைக்ராஸ்கோப்போ நோயியல் நிபுணரோ தேவையில்லை. பார்த்ததும், தேவைப்பட்டவர்களுக்கு, மாறிய திசுவை உறையவைத்து அழிக்கும் குளிரூட்டிச் சிகிச்சை அளித்ததும் பயிற்சி பெற்ற செவிலியர்களே. 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த தொகுதிகளில் அந்தப் புற்றுநோய் தோன்றுவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. அழைக்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் மட்டுமே வந்தும் கிடைத்த பலன் இது.

அதே ஆண்டில் தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனியிலும் தஞ்சாவூரிலும் இதை ஒட்டிய பரிசோதனை சோதனை முறையில் தொடங்கப்பட்டு, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு முடிவு இவ்வளவு விரைவில் இறங்கி வந்ததற்கு, அதை முதலிலிருந்தே செவிலியரைக் கொண்டு செய்து பார்த்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு. மகளிர் நோய் நிபுணரைக் கொண்டு அதே ஆய்வைச் செய்திருந்தால் பலன் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் தாராபுரத்திலோ அந்தியூரிலோ அதை யார் செய்வது என்ற கேள்வியிலேயே கோப்பு நின்றுபோயிருக்கும்.

இதே அம்பிளிக்கை இன்னொரு ஆய்விலும் இடம்பெற்றது. அதன் கதை சற்று விசித்திரமானது. எச்.பி.வி. தடுப்பூசியை மூன்று தவணைக்குப் பதில் இரண்டு தவணை போட்டால் போதுமா என்று பார்க்க 2009இல் இந்தியாவின் பல இடங்களில் ஆய்வு தொடங்கியது. 20,000 சிறுமியரைச் சேர்ப்பதாக ஏற்பாடு. அந்தச் சமயத்தில் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் நடந்துகொண்டிருந்த, இந்த ஆய்வோடு தொடர்பில்லாத வேறொரு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமியர் இறந்தனர். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணை சொன்னாலும், எழுந்த எதிர்ப்பில் 2010 ஏப்ரலில் எல்லா ஆய்வுகளிலும் தடுப்பூசி போடுவதை மத்திய அரசு நிறுத்தியது. அதனால் ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே ஒரு தவணையோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். இந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான எச்.பி.வி. 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றுக்கு எதிராக ஒரு தவணையே 95 சதவீத அளவுக்குப் பாதுகாப்புத் தருவதாக 2021இல் தெரியவந்தது. ஒரு தவணை போதும் என்ற மாற்று முறையை 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றதற்கு இந்தச் சான்றும் ஓர் ஆதாரம். 14 வயதுச் சிறுமியருக்கு இந்தத் தடுப்பூசியை அளிப்பதாகத் தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பதினைந்து ஆண்டு இடைவெளி என்பது நீண்டதுதான். ஆனாலும் ஒட்டன்சத்திரப் பக்கத்துச் சிறுமியர் கொடுத்த ரத்தமும் மாதிரிகளும் வீணாகவில்லை.

கம்மம் விவகாரத்தில் நாம் மறக்கக்கூடாத பகுதி வேறு. அங்கே பல சிறுமியர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களை நினைத்துப் பாருங்கள். மேனேஜரோ வார்டனோ “எங்க புள்ளைகதான், நாங்க சொன்னா கேட்டுக்குவாங்க” என்று மொத்தமாகச் சம்மதம் கொடுக்கும் பழக்கம் உள்ள இடங்களில், ஆய்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குத் துணைபோகக் கூடாது.

எச்.ஐ.வி. விஷயத்தில் இணைப்பு இன்னும் தெளிவு. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரைக் கொண்டு நடந்த ஆய்வில் சென்னையும் புணேயும் இடம்பெற்றன. தம்பதியரில் தொற்றுள்ளவருக்குக் கூட்டு மருந்தை முன்கூட்டியே தொடங்கினால், அவரிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் அது காட்டியது. தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து என்ற கொள்கை 2017இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்திலிருந்து நேராக, கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால் அதன் பின்னணி இதுதான். இதில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை.

ஆனால் எல்லா ஆய்வும் இப்படி நேர்கோட்டில் பேசுவதில்லை. தான்சானியாவின் ம்வான்சாவில், ஊர்ப்புற மருத்துவ நிலையங்களில் பால்வினை நோய்ச் சிகிச்சையை மேம்படுத்தியபோது புதிய எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என்று 1995இல் சொன்னார்கள். உலகெங்கும் திட்டங்கள் அதைக் கைகாட்டி எழுந்தன. நான்கு ஆண்டு கழித்து உகாண்டாவின் ராக்காயில், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர் முழுவதற்கும் சில மாதங்களுக்கு ஒரு முறை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. குறையவில்லை. ஒரு இடத்தில் தொற்று பரவத் தொடங்கிய கட்டம், இன்னொன்றில் முற்றிய கட்டம் என்பது ஒரு விளக்கம். நாள்தோறும் கிடைக்கும் சிகிச்சையும், எப்போதோ ஒரு நாள் வந்து போகும் மருந்தும் ஒன்றல்ல என்பது மற்றொரு விளக்கம். விவாதம் முழுமையாகத் தீரவில்லை. நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம் சாய்பவன். முகாம் போட்டுக் கூட்டமாக மருந்து கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதைவிட, திங்கள் முதல் சனி வரை திறந்திருக்கும் ஓர் அறையும், முகம் சுளிக்காமல் பேசும் ஓர் ஆற்றுப்படுத்துநரும் அதிகம் சாதிப்பதைப் பார்த்திருக்கிறேன். இது அனுபவக் கணிப்பே தவிர நிரூபணம் அல்ல.

இனி அந்தக் கலர்ப் பொட்டலங்களுக்கு வருவோம், ஏனென்றால் கேள்வியின் சலிப்பு அங்கேதான் இருக்கிறது. அவை ஏழு. ஆண்குறியில் சீழ் வடிவதற்கும் கர்ப்பப்பை வாய் அழற்சிக்கும் சாம்பல் நிறம், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நீலம், அக்கிப் புண்ணுக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள், தொடை இடுக்கில் வரும் அரையாப்புக் கட்டிக்குக் கறுப்பு. ஆய்வகம் இல்லாத ஊரிலும், அறிகுறியை மட்டும் பார்த்து, அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய எல்லாக் கிருமிக்கும் சேர்த்து அன்றைக்கே மருந்து கொடுத்துவிடுவது என்பது இதன் அடிப்படை. சோதனைக்கு மாதிரி கொடுத்துவிட்டுப் போனவர் முடிவு வாங்கத் திரும்பி வருவதில்லை என்பது இந்த நோய்களில் உலகமறிந்த உண்மை. ஆகவே இது சோம்பேறித்தனத்தில் பிறந்த முறை அல்ல. அதுவும் ஓர் ஆய்வின் பலன்தான். ஆண்களின் சீழுக்கும் இரு பாலரின் புண்ணுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. பெண்களின் வெள்ளைப்படுதலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. வெள்ளைப்படும் பெண்களில் பலருக்குப் பால்வினைத் தொற்றே இருக்காது; கிளமிடியா, வெட்டை (கொனோரியா) போன்ற பால்வினைத் தொற்று உள்ள பெண்களில் பலருக்கு அறிகுறியே இருக்காது. முதல் வகையினர் தேவையில்லாத மருந்தை விழுங்குகிறார்கள், வீட்டில் வீண் சந்தேகத்தையும் சுமக்கிறார்கள். இரண்டாம் வகையினர் நம் கண்ணிலேயே படுவதில்லை. இது உறுதியாகத் தெரிந்த குறை. வசதியுள்ள இடங்களில், கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுச் சோதனை செய்து சிகிச்சை தரும்படி உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டியது. காசநோய்க்கென்று பல அரசு மருத்துவமனைகளில் இருக்கும் மூலக்கூறுக் கருவிகளிலேயே உரிய கேட்ரிட்ஜைப் போட்டு இதையும் பார்க்க முடியும். கருவி இருந்தும் கேட்ரிட்ஜ் விலைதான் கையைக் கட்டிப்போடுகிறது.

இந்தப் பொட்டல முறைக்கு இன்னொரு பக்கம் உண்டு, அது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. சங்ககிரியிலிருந்து வட மாநிலங்களுக்கு லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைத் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். மருந்துக்கடைகளில் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுத்தவை. பாதித் துண்டுகளில் பெயரே இல்லை. “விஜயவாடாவுல ஒரு மாத்திரைங்க, நாக்பூர்ல ஒரு ஊசிங்க, நாலு நாளைக்கு நிக்குது, மறுக்கா சொட்டுதுங்க” என்றார். பெயர் தெரிந்த துண்டுகளில் இருந்தது சிப்ரோஃப்ளாக்சசின். ஒரு காலத்தில் வெட்டைக்கு அந்த 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதுமானதாக இருந்தது. 2000க்குப் பிறகு இந்தியாவில் அது பெரும்பாலும் பலிக்காமல் போனதை ஆய்வகங்கள் காட்டின. அதனால்தான் திட்டம் செஃபிக்சிமும் அசித்ரோமைசினும் கொண்ட சாம்பல் பொட்டலத்துக்கு மாறியது. ஆய்வு திட்டத்தைத் திருத்திய நல்ல சம்பவம் இது.

ஆனால் அந்த மாற்றத்தைச் சொல்ல யாராவது கிருமியை வளர்த்துப் பார்த்திருக்க வேண்டும். வெட்டைக் கிருமி மிகவும் நோஞ்சான். எடுத்த மாதிரியை உடனே அதற்கான வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, கரியமில வாயு கலந்த சூழலில், உடல் வெப்பத்தில் வைக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் காய்ந்தாலும் செத்துவிடும். நாமக்கல்லில் எடுத்துச் சென்னைக்கு பஸ்ஸில் அனுப்பும் சமாச்சாரம் அல்ல. பொட்டலம் கைக்கு வந்தபின், சோதிக்காமலே குணமாகிறது என்பதால், மாவட்ட மருத்துவமனைகளில் மாதிரி எடுத்து வளர்க்கும் பழக்கமே தேய்ந்துபோனது. அதாவது, சோதனை இல்லாமல் சிகிச்சை தரும் ஒரு திட்டம், அந்தச் சிகிச்சை எப்போது தோற்கத் தொடங்குகிறது என்பதைக் காட்டும் கண்ணையும் சேர்த்து மூடிவிடுகிறது. இன்று கண்காணிப்பு என்பது தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை, சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற சில மையங்களின் பொறுப்பாக இருக்கிறது. சாம்பல் பொட்டலம் சாப்பிட்டும் ஒரு வாரத்தில் சீழ் நிற்காத ஒவ்வொருவரையும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி வளர்ப்புச் சோதனை செய்ய வேண்டும் என்பது விதியளவில் எல்லோருக்கும் தெரியும். நடைமுறையில் அவர் அடுத்த நாளே வண்டி ஏறியிருப்பார். இங்கே களப்பணியாளர் செய்யக்கூடியது மருத்துவரால் செய்ய முடியாதது: மருந்து வாங்கியவரை ஏழாம் நாள் போனில் பிடித்து, “நின்னுச்சுங்களா, நிக்கலீங்களா” என்று கேட்டுக் குறித்து வைப்பது. எளிய வேலையாகத் தெரியும். இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் எந்தப் பெரிய ஆய்வும் மாவட்ட வாரியாக வைத்திருக்கவில்லை.

மேகப்புண்ணுக்குக் காரணமான சிஃபிலிஸ் கிருமியைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறு. எழுபது ஆண்டுக்கு மேலாகியும் பெனிசிலினுக்கு அது எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளவில்லை. தொடக்க நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சத்தின் பெனிசிலின் ஒரே ஊசி போதும். கர்ப்பிணிக்குப் போட்டால் குழந்தையும் தப்பும். ஆய்வு தன் பங்கை முடித்துவிட்டது. தடங்கல் முழுவதும் திட்டத்தின் பக்கம்: ஊசி போட்டதும் ஒவ்வாமையில் மயங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும்; கர்ப்பிணி இரண்டு பஸ் மாறி வர வேண்டும்; வராமல் போவார். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி பேப்பரில் வந்துவிடும், கடைமடைக்காரர் வயல் காய்ந்து கிடக்கும் கதைதான். இங்கே தேவைப்படுவது புதிய மருந்தைப் பற்றிய ஆய்வு அல்ல. அந்தப் பயத்தைப் போக்க எந்தப் பயிற்சி, எந்த அவசர மருந்துத் தட்டு, எத்தனை நிமிடக் கண்காணிப்பு போதும் என்பதைப் பற்றிய ஆய்வு. அப்படிப்பட்டவை குறைவு, செய்தவருக்குப் பெயர் கிடைப்பதும் குறைவு.

“முடிவு திரும்பி வருவதில்லை” என்ற குறைக்கு ஒரு பகுதி விளக்கம் உண்டு. எச்.ஐ.வி. கண்காணிப்புச் சுற்றுகளில் பெயரோ முகவரியோ ஒட்டாமல்தான் மாதிரிகள் எடுக்கப்பட்டு வந்தன. கர்ப்பிணிகளிடம் ஒரு மையத்துக்கு 400 மாதிரி என்ற கணக்கில், வேறு சோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மிஞ்சியதைக் கொண்டு பார்ப்பார்கள். அது தனிமனிதருக்கு நோய் உண்டா என்று பார்ப்பதற்கல்ல. ஊரில் தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு. பெயர் இல்லாததால் முடிவைத் திருப்பித் தர வழியில்லை, தரவும் கூடாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டமும், பெயரற்ற கண்காணிப்புக்குத் தனித்தனி ஒப்புதல் தேவையில்லை என்று விலக்களிக்கிறது. ஆனால் எதற்காக இது நடக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று கூடவே விதிக்கிறது. மற்ற ஆய்வுகளுக்குப் பொதுவாக விவரம் அறிந்த ஒப்புதல் கட்டாயம். தனிநபர் முடிவு திரும்பாது என்பது வேறு, ஊரின் முடிவு திரும்பாது என்பது வேறு. முதலாவதற்கு நியாயம் உண்டு. இரண்டாவது வெறும் அலட்சியம். ஆய்வின் முடிவைப் பங்கேற்ற சமூகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே வலியுறுத்துகின்றன.

அந்தக் கணக்கெடுப்புகளால் என்ன தெரிந்தது என்றும் சொல்ல வேண்டும். தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையிலான கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி. விகிதம் 2000இல் 1.7 சதவீதமாக இருந்து 2004இல் 1.1 ஆகக் குறைந்தது என்பது இந்தக் கண்காணிப்பு மாதிரிகளைக் கொண்டே 2006இல் வெளியான முடிவு. இளம் வயதினரை மட்டும் பார்த்ததற்குக் காரணம், அவர்களின் தொற்று அண்மையில் வந்ததாகவே இருக்கும், பழைய நோயாளிகள் இறந்ததால் எண்ணிக்கை குறைந்தது என்று சொல்ல இடமிருக்காது என்பதுதான். ஆகவே குறைந்தது உறுதி. எதனால் குறைந்தது என்பதில் உறுதி இல்லை. 1994இல் தொடங்கிய மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமா, ஆணுறைப் பிரசாரமா, பால்வினை நோய்ச் சிகிச்சையா, பயமா, எல்லாம் சேர்ந்தா? 2003இல் கேட்ஸ் அறக்கட்டளை நிதியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கிய அவாஹன் திட்டம் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் தொற்றுகளைத் தடுத்திருக்கும் என்று 2011இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதன் களக் கணக்கெடுப்புகள் கோயம்புத்தூர், சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் நடந்தன. ஆனால் திட்டம் இல்லாத மாவட்டங்களைத் தொடக்கத்திலேயே ஒப்பீட்டுக்கு ஒதுக்கி வைக்காததால், அது கணக்கு மாதிரியிலிருந்து பெற்ற மதிப்பீடே. திண்டுக்கல் ஆய்வு போன்ற நேரடிச் சான்று அல்ல. ஆய்வைத் திட்டம் தொடங்கும் முன்பே பக்கத்தில் உட்கார வைக்காததன் விலை அது.

இணைப்பின் மறுபாதி, திட்டத்திலிருந்து ஆய்வுக்குப் போகும் பாதை. அது மாதாந்திரப் படிவங்கள் வழியாகப் போகிறது. அந்தப் படிவங்களைப் பற்றிக் களத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பியர் எஜுகேட்டர், அதாவது அந்தச் சமூகத்திலிருந்தே வந்து சக மக்களிடம் பேசுபவர், இத்தனை பேரைச் சந்திக்க வேண்டும், இத்தனை ஆணுறை கொடுக்க வேண்டும் என்று இலக்கு வைத்தால், மாதக் கடைசியில் இலக்கு நிறைந்துவிடும். ஆட்களைச் சந்தித்தாரா என்பது வேறு விஷயம். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு போய் யார் எவ்வளவு நுட்பமாக அலசினாலும் வருவது இலக்கின் நிழல்தான். குறைவாக எழுதினால் நிதி வெட்டப்படும் என்ற பயத்தை நீக்காமல் “தரவு தரமாக இருக்க வேண்டும்” என்று கூட்டத்தில் பேசிப் பயனில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

அதோடு, ஆட்கள் இருக்கும் இடமும் மாறிவிட்டது. பேருந்து நிலையம், லாட்ஜ், லாரி நிற்கும் பேட்டை என்று வரைந்து வைத்த பழைய வரைபடங்களில் இன்று பாதிப் பேர் இல்லை. தொடர்பெல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு கிளம்பும் ஆட்கள் மாதக்கணக்கில் வெளி மாநிலங்களில் இருக்கிறார்கள். திருப்பூரில் ஒடிசா, பிகார்த் தொழிலாளர்கள் ஞாயிறு தவிர மற்ற நாளில் கையில் சிக்குவதில்லை, தமிழ்ப் படிவமும் அவர்களுக்குப் பயன்படாது. நாமக்கல்லில் வார நாளில் காலை பத்து மணிக்கு எடுக்கும் கணக்கெடுப்பு, வீட்டில் இருப்பவர்களின் கணக்கெடுப்புதான். இதை வெளியிலிருந்து வரும் குழு அறியாது, நீங்கள் அறிவீர்கள். மாதிரி எடுக்கும் திட்டத்தை வகுக்கும் நாளிலேயே உங்களைப் போன்றவர்களைக் கூப்பிட வேண்டும். அச்சடித்த படிவத்தோடு வழிகாட்ட மட்டும் கூப்பிடக் கூடாது.

ஆகவே நேரடிப் பதில்: ஆம், “பதில் சொல்லுங்கள்” என்று சொல்லலாம், ஆனால் குழுவிடம் சிலவற்றை முன்கூட்டிக் கேட்டுப் பெற்ற பிறகு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தின் நகல் வேண்டும். தனிநபருக்குச் சோதனை முடிவு தருவீர்களா, தந்தால் சிகிச்சைக்கு எந்த மருத்துவமனையோடு பேசி வைத்திருக்கிறீர்கள், தராவிட்டால் அதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுவீர்களா என்று கேளுங்கள். ஊரளவிலான முடிவை எந்த மாதம், எந்த மொழியில், யார் நேரில் வந்து சொல்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கண்டுபிடித்ததைச் செயலாக்க வேண்டியவர் யார், அவர் இந்த ஆய்வில் எங்கே இருக்கிறார் என்பதையும் கேளுங்கள். இதற்குத் தடுமாறினால் அந்த ஆய்வு பட்டத்துக்கோ பதவி உயர்வுக்கோ நடப்பதாகக் கொள்ளலாம். அப்படிப்பட்ட ஆய்வும் பாவமல்ல. ஆனால் மக்களிடம் உள்ளது உள்ளபடி சொல்லி, விருப்பம் உள்ளவர் மட்டும் கலந்துகொள்ளட்டும். விடுதிப் பெண்களிடம் ஒவ்வொருவராக, வார்டன் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. கோவை, சேலம், பெருந்துறை மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறை உண்டு. பட்ட மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு ஆய்வேடு எழுதியாக வேண்டும். தலைப்புத் தேடி அலைவார்கள். சாம்பல் பொட்டலம் வாங்கியவர்களில் ஏழாம் நாள் எத்தனை பேருக்குச் சீழ் நிற்கவில்லை, துணைவருக்குக் கொடுத்தனுப்பிய பொட்டலம் உண்மையில் அவரைச் சென்றடைந்ததா, சிஃபிலிஸ் உறுதியான கர்ப்பிணிக்கு ஊசி விழ எத்தனை நாள் ஆகிறது என்பன போன்ற கேள்விகளை நீங்களே எழுதிக்கொண்டு போய்த் துறைத் தலைவரைப் பாருங்கள். நெறிமுறை ஒப்புதல், மாதிரியின் அளவு, அலசல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடிவு வந்ததும் மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு அலுவலகத்தின் ஆய்வுக் கூட்டத்தில் அந்த மாணவரையே பேச வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். பால்வினை நோய்ச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்தின் மருத்துவரும் மருந்துக் கிடங்கு அலுவலரும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்படி நாள் குறிப்பது நல்லது. மருந்து தீர்ந்த தேதிகளைப் பற்றிய பேச்சு வரும்போது கிடங்கு அலுவலர் எதிரில் இருந்தால்தான் அடுத்த மாத இண்டெண்டில், அதாவது மருந்து கோரும் பட்டியலில், எண் மாறும்.